சாயப்பட்டறை டீமை ஜெயிக்கும் வழி

"பந்தைத் தொரத்தாதீங்க பாண்டி. தொரத்துனீங்கன்னா செத்தீங்க."

சொல்லிவிட்டுத் தரணீதரன் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய்த் துண்டுகளைப் பொறுக்கித் தட்டின் ஓரமாக வரிசை கட்டினான். எதிரே உட்கார்ந்திருந்த பாண்டித்துரை, சோற்றைப் பிசைவதை விட்டுவிட்டு அதையே பார்த்தான்.

ராயபுரத்தில் அது ஒரு லைன் வீடு. வேறு வேறு கம்பெனிக்காரர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இடம். இருவருக்கும் எதிரெதிர் வீடு. மத்தியான மணி அடித்ததும் ஓடி வந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, திரும்ப ஓட வேண்டும். முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்த தூக்கம் இருவர் கண்ணிலும் அப்படியே இருந்தது.

பாண்டித்துரை ஒரு பனியன் கம்பெனி டீமின் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் பைனல். மோதுவது சாயப்பட்டறை டீமோடு. இந்த வருஷம் அவர்களைத் தோற்கடித்தவர் யாருமில்லை. தலைகீழாக நின்றவர்களும் மண்ணைக் கவ்விக்கொண்டுதான் போனார்கள்.

"போன தடவ எங்க பயலுக ஓடி ஓடி நாக்குத் தள்ளிப் போனாய்ங்கண்ணே. பந்தைக் கண்ணுல காட்டுனாத்தான?"

"அதுதானுங்க அவங்க வித்தையே. இங்க தட்டி, அங்க தட்டி உங்கள ஓட உடுவாங்க. நீங்க மூச்சு வாங்கி நிக்கறப்ப மெல்லக் கொண்டு போயி உள்ள போட்டுருவாங்க." தரணி முருங்கைக்காய்த் துண்டுகளை நெருக்கி வைத்தான். "உங்க பாதிய உட்டு வெளிய வராதீங்க. நடுவுல நெருக்கமா நில்லுங்க. ஓரத்துல எத்தன தட்டுனாலும் தட்டட்டும்."

"சும்மா நின்னா சனம் கூவுமேண்ணே?"

"கூவட்டுங்க. சனமா வந்து கோல் போடப் போவுது?"

பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கத் தெம்பில்லை.

"அப்பறம் அவங்க எட்டாம் நம்பர். அவந்தான் கேப்டன். எல்லாப் பந்தும் அவன் காலுக்கு வந்துதான் போகும். தையல் லைன்ல ஒரு ஓவர்லாக் மிசின் நின்னா மத்ததெல்லாம் கையக் கட்டிட்டு உக்காருதில்ல? அவன் நின்னா டீமே நின்னுரும். ஒரு ஆளை அவங்கூடவே ஒட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுங்க. எடது முழங்கால் வலி அவனுக்கு. அந்தப் பக்கமாத் திருப்புங்க, தடுமாறுவான்."

பச்சைப் பிள்ளையைக்கூட வாங்க, போங்க என்று பேசுகிறவன் தரணி. அந்த எட்டாம் நம்பரை மட்டும் அவன், இவன் என்றான்.

ரசம் ஊற்ற வந்த தரணியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நம்ம புள்ள தேஜஸ்ரீக்குக் காது குத்த மூணு தடவ நாள் பாத்தாச்சு. மூலனூர்ல குலசாமி கோயிலுக்குச் சொல்லி, கெடாய்க்குச் சொல்லி, மூணு தடவையும் இந்தப் பந்தாட்டம் வந்து குறுக்க நின்னுது. வர்ற ஞாயிறு உட்டு அடுத்த ஞாயிறுதான் கடைசி. அதையும் உட்டா ஆடி பொறந்துரும். மடியில உக்கார வெக்கப் போற எந் தம்பி மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"சாயப்பட்டறை டீமு தோத்துட்டா எல்லாஞ் சரியாயிரும்."

"அவங்க தோக்கோணுமே!"

"அதுக்குத்தான பேசிட்டிருக்கறோம்."

அவள் ரசப் பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். பந்தாட்டம் புகுந்த வீட்டில் நல்லது கெட்டதெல்லாம் ஆட்டத்தைக் கேட்டுத்தான் நடக்கும். பாவம், பெண்களுக்குத்தான் அது பழகுவதில்லை.

"கடைசியா ஒண்ணு பாண்டி. கோல் உழுகலீன்னா அவங்களுக்குப் பொறுமை போயிரும். எல்லாரும் மேல ஏறி வந்துருவாங்க. பின்னால வெறுங்காடாட்டம் கெடக்கும். பந்து கெடச்சதும் ஒரே ஒதை. வேகமா ஓடறாரே உங்க யுவன், அவர ஓட உடுங்க."

"ஜெயிச்சா அடுத்த ஞாயிறு ஈரோட்டுல ஆட்டம்ணே! அதுலயும் ஜெயிச்சா சேலம்!" பாண்டியின் தூக்கம் கலைந்துவிட்டது.

"ராசாவாட்டம் போயிட்டு வாங்க" என்று பெருமூச்சு விட்டான் தரணி.

தூரத்தில் சங்கு ஊதியது. தரணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற உடம்பு அப்படித்தான் எழும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். சாயப்பட்டறை முதலாளி கோட்டோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்கு வராத ஆளுக்குத் திங்கட்கிழமை வேலை கிடையாது என்பது அவர் சட்டம். ஜெயிக்க ஜெயிக்க அவருக்கு ஆசை கூடிக்கொண்டே போனது.

நடுவர் விசிலடித்து இரண்டு கேப்டன்களையும் டாஸ் போடக் கூப்பிட்டார். பாண்டித்துரை போய் நின்றான். டாஸ் முடிந்து கை குலுக்கினார்கள்.

சாயப்பட்டறை கேப்டன் குலுக்கிய கையை விடவில்லை. முதலாளி இருந்த பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பாண்டித்துரையின் பக்கமாகக் குனிந்து மெல்லச் சொன்னான்.

"நானா உட்டுக்குடுக்க முடியாது பாண்டி. எம்புள்ளைக்குக் காது குத்தோணும், எப்படியாச்சும் எங்களை ஜெயிச்சுப்போடுங்க!"