ஐந்து வருடக் கையெழுத்து

"ஐஞ்சு வருசம் கூடிப்போச்சோ பிள்ளை?"

புது ஒப்பந்தத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கையில் பேனையோடு கேட்டார் லெஸ்லி, கல்லூரிக் கரப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

"கையெழுத்தை வையுங்கோ அண்ணை," என்றாள் உதவிப் பயிற்சியாளர் நிசாந்தினி. "வருசா வருசம் கொன்ராக்ட் எண்டால், ஒரு சீசன் தோத்தாலே வீட்டை அனுப்பிப்போடுவாங்கள். உது இருந்தால் உங்களை ஒருத்தரும் அசைக்கேலாது."

"நானும் இடையில விட்டுட்டுப் போகேலாதே. மிசிசாகா கொலிஜிலயும் என்னைக் கோச்சாக் கூப்பிடுகினம்."

"அங்க ஒரு வருசம்தானே அண்ணை? நம்பிப் போய் நடுத்தெருவில நிக்கப் போறியளோ?"

லெஸ்லி கையெழுத்து வைத்தார். வைத்த கையோடு மட்டன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். "என்ர நன்மையை யோசிக்க நீயாவது இருக்கிறாய். முதல் உனக்குத்தான்."

மிசிசாகாவுக்குத் தகவல் சொல்ல, போனோடு வெளியே போனார்.

கடித்த ரோலை நிசாந்தினி பாதியிலேயே மேசையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து எப்படித்தான் அவ்வளவும் சொன்னாளோ!

லெஸ்லி திரும்பி வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்த வேலைக்கு நீயும் விண்ணப்பம் போட்டிருக்கிறாயாம். கடைசியில நாங்கள் ரெண்டு பேரும்தான் மிச்சமாம்."

அவள் ரோல்ஸ் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உன்னையே எடுக்கச் சொல்லிப்போட்டன். ஒரு வருசம் எண்டால் அனுப்ப மாட்டன், ஐஞ்சு வருசம் எழுதிக் குடுங்கோ எண்டும் சொன்னன்." பெட்டியை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினார். "நீ சொல்லித்தந்த புத்திதானே, பிள்ளை."