வெள்ளிப் பெட்டியின் சாவி

ஹில்டா டீச்சரின் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று, ஊரெல்லாம் வைத்திருக்கும் கறுப்பு. மற்றது, அந்தத் தெருவுக்கே ஒன்றே ஒன்றான வெள்ளி.

ஒருநாள் வைரஸ் வந்து, கறுப்பிடம் இருந்த கேள்வித்தாள்களை எல்லாம் தின்றுவிட்டுப் போனது. டீச்சர் அழுது முடித்து, எல்லாவற்றையும் புதிதாக எழுதி, வெள்ளியிடம் ஒப்படைத்தார். அதற்குத் தலைகால் புரியுமா?

"எங்க வம்சத்துல யாருக்குமே வைரஸ் வந்ததில்லடி. வளர்ப்பு அப்படி! கதவைச் சாத்தத் தெரியாத ஜென்மங்கள் சீரழியத்தான் செய்யும்."

"நானும் பூட்டித்தான்டி இருந்தேன்," என்றது கறுப்பு. "படுபாவி, சோப்புக் கட்டியில என் சாவியை அச்சு எடுத்துட்டான். அந்த ஒரு சாவிக்கு ஊர்ல இருக்கற கறுப்பெல்லாம் திறக்குது. ஒத்தையா நிக்கிற உனக்காக எவன் மெனக்கெடுவான்?"

"பொறாமை! வேறென்ன?"

கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் வெள்ளி பாதி விலைக்கு வந்தது. வைரஸே வராதாம் என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டார்கள்.

"பார்த்தியா? இப்ப ஊரே எங்க பக்கம்!" என்று வெள்ளி பூரித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வைரஸ் பணிவாக வந்து நின்றது.

"அம்மா, ஊரெல்லாம் உங்க பேச்சுதான். ஒருதரம் தரிசனம் பண்ணிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வெள்ளி கறுப்பின் பக்கம் திரும்பியது. "பாருடி, இவனே என்னைக் கும்பிட வந்துட்டான். கையில பிரசாதம் வேற!"

கறுப்பு எட்டிப் பார்த்தது.

"பிரசாதம் இல்லடி. சோப்பு."