பலங்காவில் பொழுது சாயும் நேரம்

"ஜூன் மாசம் அங்க ராத்திரி பத்து மணிக்கு மேலதான் பொழுது சாயுமாமே, உண்மையா தம்பி?"

கேட்டுக்கொண்டே சோலையப்பன் வழக்கமான நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமீரகத்துப் புஜைராவில் அந்த டிராவல்ஸ் கடையை வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்த பிறகுதான் திறப்பார்கள். ஷட்டர் ஏறும்போதே அவர் வாசலில் நிற்பார். ஒன்றிரண்டு மாதமாக இப்படித்தான்.

கவுன்ட்டரில் இருந்த நெய்னா முகம்மது கம்ப்யூட்டரில் தேடினான். "ஆமாண்ணே. பத்து தாண்டித்தான் சூரியன் மறையுதாம்."

"அப்புறமும் வெளிச்சம் போகாது. ஜன்னல் திரைய இழுத்து விட்டாலும் சந்து வழியா வந்துரும். தூக்கம் எங்க வரும்?" சோலையப்பன் திருப்தியாகச் சிரித்தார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். கடை திறக்கும்போதே அவர் சொல்லிவிட்டார். "அந்த ஆளு டிக்கெட் போட வரல நெய்னா. ஏசியில உக்கார வர்றாரு. இன்னிக்கு முடிவக் கேளு. இல்லைன்னா கலாஸ், முடிஞ்சுது, இனிமே வர வேணாம்னு சொல்லிரு."

பலங்கா, லிதுவேனியா நாட்டில் பால்டிக் கடலோரம் இருக்கும் ஒரு சின்ன ஊர். கோடையில் வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து கடலில் குளித்துவிட்டுப் போவார்கள். எண்ணெய்க் கிடங்கில் ஃபோர்மேனாக இருக்கும் சிவகங்கைக்காரர் ஒருவருக்கு அங்கே என்ன வேலை என்று நெய்னாவுக்குப் புரியவே இல்லை. முதல் நாள் கேட்டதற்கு, "கப்பல்ல வந்த ஒருத்தன் அவன் ஊரு போட்டோவக் காட்டினான். புடிச்சுப்போச்சு" என்றார். அவ்வளவுதான்.

"கடலுக்குள்ள ஒரு பாலம் போகுமே, அதப் பத்தி எதாச்சும் போட்டிருக்கா?"

"போட்டிருக்குண்ணே. சாயங்காலமானா ஊரே அதுல நடக்குமாம். சூரியன் மறையுறதப் பாக்குறதுக்கு."

"ஆமா ஆமா. ஜோடி ஜோடியா, குடும்பம் குடும்பமா. ஒத்தையா ஒருத்தன் நடந்தா ஒதுங்கி வழி விட்டுருவாங்க." அவர் மேஜையின் ஓரத்தை விரலால் தடவினார். "சாப்பாடு என்ன கிடைக்கும்?"

"உருளைக்கிழங்கு, பன்னிக்கறி... நம்மாளுங்களுக்குக் கஷ்டம்தான்."

"பீட்ரூட்டுல ஒரு சூப்பு உண்டு தம்பி. ரோஸ் கலரா இருக்கும். சூடே கிடையாது, சில்லுன்னு குடுப்பாங்க."

"அத எங்கண்ணே படிச்சீங்க?"

தடுப்புக்குப் பின்னால் முதலாளி இருமினார்.

நெய்னா குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பேசிக்கிட்டே இருந்தா வேலை ஆகாது. போன வருஷக் கடைசியில இருந்து அந்த நாட்டுக்கும் ஐரோப்பாவுக்குச் சேத்துக் குடுக்குற ஷெங்கன் விசாதான். நாள் புடிக்கும். இப்பவே பாஸ்போர்ட்டக் குடுத்தீங்கன்னா வர்ற ஜூனுக்குப் போட்டுரலாம்."

"அவசரமா தம்பி?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. முதலாளி கேக்குறாரு."

சோலையப்பன் தடுப்பின் பக்கம் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அவரு கேக்குறதும் நியாயம்தான். யாவாரம் பண்ற இடம். நான் கெளம்புறேன்."

அவர் கதவுவரை போய்விட்டார். வெளியே ரோட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இனி அவர் வரமாட்டார் என்று நெய்னாவுக்குத் தோன்றியது. போகட்டும் என்று விட மனம் வரவில்லை. எழுந்து அவர் பின்னாலேயே போனான்.

"அண்ணே, ஒத்தையாப் போறதுக்குத்தான் யோசிக்கிறீங்களா? தொணைக்கு ஊர்ல யாரும் இல்லையா?"

"தங்கச்சி இருக்கு, நாகஜோதின்னு. அதுக்கும் அது புள்ளைங்களுக்கும் நான்தான் கல்யாணம் பண்ணி வச்சேன். எனக்குன்னு பண்ணிக்கிடல. போன் போட்டா, நல்லாருக்கியாண்ணேன்னு கேக்கும். நல்லாருக்கேம்பேன். அதோட வச்சிரும்."

"ரூம்ல இருக்கவங்க?"

"மூணு பேரு இருக்கோம். மூணு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட்டு. நான் டூட்டி முடிஞ்சு வரையில ஒருத்தன் தூங்குவான், ஒருத்தன் கெளம்பியிருப்பான். லைட்டக் கூடப் போடுறதில்ல."

நெய்னாவும் கீழக்கரையை விட்டு வந்து இரண்டு பெருநாளை இங்கேயே கழித்தவன்தான். முதலாளி பார்ப்பதைப் பற்றி இப்போது அவனுக்குக் கவலையில்லை. நாற்காலியை வாசல் பக்கமே இழுத்து வந்து போட்டான்.

"உக்காருங்கண்ணே. நான் ஒண்ணு கேக்குறேன். தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கெடையாது, பாஷை தெரியாது. அந்த ஊர்ல போயி ஒத்தை ஆளா என்னதாண்ணே பண்ணுவீங்க?"

சோலையப்பன் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணுவீங்கன்னு இல்ல தம்பி, என்ன பண்ணுனீங்கன்னு கேளு" என்றார். "கம்பெனி ஆபீஸ்லயே டிக்கெட் போட்டுத் தந்தாங்க, போன ஜூன்லயே போயிட்டு வந்துட்டேன். எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல."