செவலையின் மாலை

ஊர் ஓரத்துப் பஞ்சாலையை மூடியதில் யாருக்கு நஷ்டமோ, செவலைப் பசுவுக்கு நல்ல லாபம். கூரை விழுந்த கொட்டகைகளுக்குள் இடுப்பளவு புல் வளர்ந்தது. அதை மேய்ந்தே செவலை இரண்டு கன்று போட்டது.

பிறகு ஆலையை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். இனி வயிற்றுக்கு என்ன வழி என்று மதில் ஓரம் செவலை படுத்திருந்தபோது, ஒரு விடியற்காலையில் ஆட்கள் வந்து அதைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, புது வீட்டுக்குள் அழைத்துப் போனார்கள். அதற்கு முன்னால் யாரும் வாசற்படியை மிதிக்கவில்லை. பளபளத்த தரையில் சாணி போட்டது. அதற்கும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பார்த்தியா, புல்லுக்குப் பதிலா வீட்டையே குடுத்துட்டாங்க" என்றது செவலை, கேட் அருகே கிடந்த நாயிடம்.

"சரிக்கா" என்றது நாய்.

தினம் ஒரு வீடு, தினம் ஒரு மாலை. லிஃப்டில் ஏற செவலை மறுத்ததால் மாடி வீட்டுக்காரர்கள் கீழே வந்து கும்பிட்டார்கள்.

கடைசி வீட்டிலும் பால் காய்ச்சியாயிற்று. மறுநாள் கழுத்தில் மாலையோடு செவலை தானாகவே உள்ளே நுழைந்தது. காவலாளி குச்சியால் இரண்டு வைத்து, வெளியே விரட்டி, கேட்டைச் சாத்தினான்.

"விடுக்கா. அந்தப் பக்கம் இரும்புப் பட்டறையை மூடிட்டாங்களாம். ஒரு மழை பெஞ்சா புல்லு நல்லா வரும்" என்றது நாய்.

"எத்தனை நாளைக்குடா வரும்?"

"மறுபடி உனக்கு மாலை போடுற வரைக்கும்."