கன்றின் வயிறு

தனகோட்டி கன்றின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தான்.

பிறந்து ஆறு நாள். கண் குழி விழுந்துவிட்டது. வாலிலிருந்து பின்னங்கால் வரை கழிச்சல் மஞ்சளாய்க் காய்ந்திருந்தது. வாயில் விரலை வைத்தால் சப்பவில்லை. வாய்க்குள் சில்லென்று இருந்தது.

சிங்கவரத்தில் அவன் மாமியார் நாகம்மாளுக்கு இருப்பது ஒரே மாடு. முதல் மூன்று ஈத்தும் காளைக்கன்று. நாலாவதாக வந்த கிடேரி இது. இது வளர்ந்துவிட்டால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கால்நடை டாக்டர் பிரீத்தி கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.

"எதுனா மருந்து குடுத்தீங்களா?"

நாகம்மாள் வாயைத் திறப்பதற்குள் தனகோட்டி சொல்லிவிட்டான்.

"நான்தான் மேடம். எனக்குக் கழிஞ்சப்ப வாங்கின மாத்திரை மிச்சம் இருந்துது. கிருமி செத்தா நின்னுடும்னு பொடி பண்ணி ஊத்தினேன்."

"நீங்க இன்னா டாக்டரா? இது வைரஸ். அந்த மாத்திரைக்கு அது சாவாது. கொடல்ல நல்ல கிருமியும் இருக்குது. வைரஸ் வந்ததும் அதுல பாதி போயிடும், கெட்டது பெருகிடும். மீதிப் பாதிய நீங்க கொன்னுட்டீங்க."

அவன் காது சுட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டதில் ஒரு சின்ன நிம்மதி. தப்பைத் தப்பென்று சொல்கிற ஆள்.

டாக்டரும் அப்படித்தான் நினைத்தாள்போல. "பரவால்லம்மா, உங்க மருமகன் மறைக்காம சொன்னாரு," என்றபடி குளுக்கோஸ் பாட்டிலைக் கொட்டகைக் கம்பத்தில் கட்டினாள்.

ஊசியைச் செருகிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

"பொறந்ததும் சீம்பால் குடிச்சிதா? இந்த மாதிரி நோவுக்கெல்லாம் அதுதான் காவல்."

தனகோட்டி கன்றின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். மாத்திரைக்கு வந்த வாய் இதற்கு வரவில்லை.

"வயிறு முட்டக் குடிச்சிதும்மா," என்றாள் நாகம்மாள். அவன் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"அப்ப தேறிடும். பாட்டில் தீர்ந்ததும் ஊசிய எடுத்துடுங்க."

டாக்டரின் ஸ்கூட்டர் சத்தம் மல்லாட்டை பயிரிட்ட கொல்லைகளைத் தாண்டிப் போனது.

கன்று இரண்டு முறை காலை உதைத்தது. பிறகு உதைக்கவில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கம்பத்தடியில் மாடு ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது.

தலையை எப்படிக் கீழே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. நாகம்மாள்தான் வாங்கி வைத்தாள்.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினாள். மஞ்சள் முழுக்கப் போகும்வரை ஊற்றினாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினான். இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"உள்ள வாங்க மாப்ள," என்றாள். "அன்னிக்கு இந்தக் கன்னுக்குட்டிய மடியில வாய் வெக்க உடாம இழுத்துக் கட்டிட்டு, மொத்தத்தையும் கறங்க அத்தேன்னு சொன்னீங்களே, அந்தச் சீம்பாலு அவிச்சது இன்னும் ரெண்டு துண்டு பிரிட்ஜில இருக்குது. உங்களுக்குன்னுதான் வெச்சிருக்கேன்."