நாலுக்கு மூணு

அன்று மதுரையில் நம்பிக்கையின் விலை நான்கு எண்கள். முப்பத்தொன்பது பேர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார்கள். நாற்பதாவது ஆளுக்குப் பாலமுரளி போன் போட்டார். “இந்த ஒரு போன்லதான் உங்க வேலை இருக்கு” என்று எதிரே உட்கார்ந்திருந்த ஸ்ரீலட்சுமி சொல்லியிருந்தார்.

“அக்கா, உங்க மக திவ்யா படிக்கிற ஸ்கூல்ல இருந்து பேசுறேன். போன்ல ஓடிபி வந்திருக்கும். அந்த நாலு நம்பரைச் சொன்னாத்தான் ஹால் டிக்கெட்.”

மறுமுனையில் இருந்த நாகஜோதிக்கு மாட்டுத்தாவணியில் பூக்கடை. பின்னால் ஏலச் சத்தம் கேட்டது.

“நாலா? ரெண்டு வச்சுக்கங்க தம்பி.”

“நாலும் வேணும்க்கா.”

“மத்தவுக எம்புட்டுக் குடுத்தாக?”

“எல்லாரும் நாலுதான்.”

“கேட்டதைக் கேட்டபடி குடுத்தாகளா? விவரங்கெட்டவுக! சரி, மூணு. ஏழு, ரெண்டு, ஒம்பது. அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது.”

“அக்கா, பிள்ளைக்குப் பரீட்சை...”

“அதுக்காகத்தான் மூணு தந்தேன். கட்டுபடியானா எடுங்க, இல்லைன்னா போனை வைங்க.”

அவளே வைத்துவிட்டாள்.

பாலமுரளிக்கு மூச்சு வந்தது. “நாம வச்ச சோதனையில ஒருத்தராவது ஏமாறலை, மேடம்! பெத்தவங்களுக்கு நான் எடுத்த இன்டர்நெட் பாதுகாப்பு வகுப்பு வீண் போகலை. வேலை தப்பிச்சிருச்சுல்ல?”

தலைமையாசிரியை ஸ்ரீலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார்.

“கம்ப்யூட்டர் சார், கடையை விட்டு வர முடியாதுன்னு அந்தம்மா உங்க வகுப்புக்கே வரலையே?”

ஆக, கணக்கு இதுதான்: வகுப்புக்கு வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். நாலையும் சொன்னவர்கள் அதே முப்பத்தொன்பது பேர். வராதவர் ஒருவர், அவரிடம் பாக்கி, ஓர் எண்.