வர்மப் படமும் மணல் மூட்டையும்

சிலம்பக் கூடத்துச் சுவரில், வர்மப் புள்ளிகளைச் சிவப்பாகக் காட்டும் மனித உடல் படம் ஒன்று தொங்கியது. எதிரே, உத்தரத்துக் கயிற்றில் மணல் மூட்டை.

"எங்க தொட்டா எவன் விழுவான்னு எனக்கு அத்துப்படி. தினமும் அடி வாங்குறியே, உனக்கு என்ன தெரியும்?" என்றது படம்.

"ஒவ்வொரு அடிக்கும் என் கயிறு எங்க தேயுதுன்னு தெரியும்," என்றது மூட்டை. "உன்னை எது தாங்குது?"

"நான் எதுக்கு அதைப் பார்க்கணும்? என்னைத்தான் யாரும் அடிக்கிறதே இல்லையே!"

அன்று மாலை ஜன்னல் வழியே லேசாகக் காற்று வந்தது. துருப்பிடித்திருந்த ஆணி முறிந்து, படம் குப்புற விழுந்தது.

"யாரு அடிச்சது? எந்தப் புள்ளியில அடிச்சான்?" என்று தரையிலிருந்து கத்தியது.

மூட்டை அண்ணாந்து தன் கயிற்றை இன்னொரு முறை பார்த்துக்கொண்டது.